ஏழேகால்: எல்லையோரப் பசங்களின் முதல் ஆல்பம் எங்கே சறுக்கியது

பாட்டின் தாளத்திலிருந்து அந்தக் கால் அடியை வெட்டி எறிந்தவன் நான்தான். அதனால் இதை நடுநிலையோடு எழுதுகிறேன் என்றெல்லாம் பொய் சொல்ல முடியாது.

போன வருஷம் ஆனி மாதம் ஐந்து பசங்க ஒரு பென் டிரைவோடு வீட்டுக்கு வந்தார்கள். "அண்ணா, ப்ராக் ராக் ஆல்பம்ங்ணா, நீங்கதான் மிக்ஸ் பண்ணித் தரணும்." நீளநீளமான பாட்டு, நடுவிலேயே தாளம் மாறுகிற ராக் வகை அது. ஐந்து பாட்டு, மொத்தம் 41 நிமிடம், அதில் ஒரே பாட்டு மட்டும் 19 நிமிடம். ஆவணியில் வெளியானது. கார்த்திகைக்குள் அதை அவர்களே கேட்பதை விட்டுவிட்டார்கள். பேண்டின் பேரும் பசங்களின் பேரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. மற்றபடி என்ன நடந்ததென்று எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பெருந்தன்மைக்கே தனியாக ஒரு கைதட்டல் கொடுக்கலாம்.

ஊர் சித்தூர். உடனே ஆந்திராவுக்குப் போய்விடாதீர்கள், இது பாலக்காட்டுச் சித்தூர், அதிலும் தாலுகாவின் கிழக்கு ஓரம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லையை ஒட்டியே போகும் ஊர்கள். கேரளா என்றதும் மனசில் வருகிற பச்சையும் மழையும் இங்கே கொஞ்சம் கம்மி, கரிசல் மண்ணும் பனைமரமும்தான் அதிகம். வீட்டில் கொங்குத் தமிழ், பஸ் போர்டில் மலையாளம், சந்தைக்குப் போனால் இரண்டும். பாலக்காட்டுக் கணவாய் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையில் விட்ட வாசல் மாதிரி திறந்து கிடப்பதால் ஆனி, ஆடியில் காற்று பேய்த்தனமாக அடிக்கும். இந்தக் காற்று கதையில் பின்னால் வரும்.

இசைக்குப் பஞ்சமான மாவட்டம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்த எலப்புள்ளி இங்கிருந்து கூப்பிடு தூரம். மிருதங்கத்தில் பாலக்காடு மணி ஐயர், வாய்ப்பாட்டில் செம்பை வைத்தியநாத பாகவதர். கோயில் வேலைக்கு ('வேலை' என்றால் இங்கே திருவிழா) செண்டை மேளம் வரும், மாரியம்மன் நோன்பி சாட்டினால் உருமி வரும், இரண்டையும் கேட்டுத்தான் இந்தப் பசங்க வளர்ந்தார்கள். டிரம்ஸ் வாசிக்கிற தம்பியின் தாய்மாமன் மேளத்தில் செண்டை அடிக்கிறவர். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பசங்களுக்கு இருபது, இருபத்தொரு வயது. கிட்டார், பேஸ் கிட்டார், கீபோர்டு, டிரம்ஸ், பாட்டு. கொச்சியின் மதர்ஜேன், திருவனந்தபுரத்தின் அவியல், பெங்களூரின் அகம் என்ற ராக் பேண்டுகள் எல்லாம் தலைகீழ்ப் பாடம். அவியலின் ஆல்பமும் மதர்ஜேனின் 'மக்தூப்'பும் 2008-இல் வந்தவை, இவர்கள் அப்போது அங்கன்வாடியில் இருந்திருப்பார்கள். அங்கிருந்து பின்னால் போய் 70-களின் இங்கிலாந்துப் பேண்டுகளைப் பிடித்திருக்கிறார்கள். நீளமான பாட்டு, பாட்டுக்குள்ளேயே தாளமும் வேகமும் மாறுவது, ஆல்பம் முழுக்க ஒரே கதை. இருபது வயசுக்கு இதைவிடப் போதை வேறு என்ன இருக்கிறது?

அவர்கள் எடுத்த கதை ஆறு. இதில் எனக்கு இன்றைக்கும் குறை இல்லை, நல்ல கரு. ஆனைமலையில் பிறந்து ஆலியாறாக இறங்கி, எல்லை தாண்டிச் சித்தூர்ப்புழையாகி, கடைசியில் பாரதப்புழையில் கலக்கிற தண்ணீர். 1970 மே 29-ஆம் தேதி கையெழுத்தான பரம்பிக்குளம் ஆலியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாடு, எல்லையில் இருக்கிற மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீரைக் கேரளாவுக்கு விட வேண்டும். ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. இந்த ஏழேகாலைக் கேட்காமல் எங்கள் பக்கம் எந்தக் குழந்தையும் வளர்வதில்லை. தண்ணி வருதா, வரலையா, எவ்வளவு பாக்கி என்று டீக்கடையில் கணக்குப் பேச ஆரம்பித்தால் இந்த எண்ணில்தான் தொடங்கும், இதில்தான் முடியும்.

பேஸ் வாசிக்கிற தம்பி, கொஞ்சம் கணக்குப் பைத்தியம், இந்த ஏழேகாலை அப்படியே தாளமாக்கிவிட்டான். ஒரு சுற்றுக்கு ஏழேகால் அடி. ஒரு அடியை நாலாகப் பிரித்தால் மொத்தம் 29 துண்டு. நம் கணக்கில் சொன்னால் நாலு மிஸ்ர சாப்பு, அதாவது ஏழெண்ணிக்கைத் தகிட தகதிமி நாலு தடவை, அப்புறம் ஒரே ஒரு 'த' கூடுதல். 19 நிமிடப் பாட்டின் முதுகெலும்பு இந்தச் சுற்றுதான். ஒப்பந்தத்தில் எழுதின கால் டிஎம்சிகூட விட்டுப்போகக் கூடாது என்பது இதன் உள்ளர்த்தமாம். கேட்டபோது எனக்குப் புல்லரித்தது, உண்மையைச் சொல்கிறேன். வாசித்துக் கேட்டபோது புல்லரிக்கவில்லை, அங்கேதான் பிரச்சினை.

நடுவில் கொங்கன் படை பற்றியும் ஒரு பாட்டு. சித்தூர் பகவதி கோயில் திருவிழா அது, கொங்கு நாட்டிலிருந்து படையெடுத்து வந்தவனை அம்மன் துணையோடு விரட்டியதைக் கொண்டாடுவது. கொங்குத் தமிழ் பேசுகிறவர்களும் வருஷா வருஷம் போய்க் கொங்கன் தோற்பதைப் பார்த்து ரசித்துவிட்டு வருவோம், அதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. பசங்க இதைத் தோற்ற கொங்கன் பக்கத்திலிருந்து எழுதியிருந்தார்கள். நல்ல யோசனை. ஆனால் ஆற்றுக் கதைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பதில் இல்லை. முதல் ஆல்பம் எடுக்கிறவர்களுக்கு அடுத்த ஆல்பம் என்று ஒன்று வரும் என்கிற நம்பிக்கையே இருப்பதில்லை போல, கையில் இருக்கிற அத்தனையையும் இதிலேயே கொட்டிவிடுகிறார்கள்.

பதிவு நடந்தது ஒரு கொப்பரை குடோனில். கீபோர்டு தம்பியின் பெரியப்பாவுடையது, தகரக் கூரை, 40 அடி நீளம். சுவர் ஓரமெல்லாம் கொப்பரை மூட்டை கூரையைத் தொடும் அளவுக்கு அடுக்கி இருந்ததாம். "இடம் பத்தலைங்ணா, அதனால ரெண்டு நாள் பாடுபட்டு மூட்டையெல்லாம் வெளிய தூக்கிப் போட்டுட்டோம்" என்று பெருமையாகச் சொன்னார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. காசு கொடுத்தாலும் கிடைக்காத எதிரொலித் தடுப்பு அந்த மூட்டைகள். சணல் சாக்கு, உள்ளே கொப்பரை, நடுவில் காற்று, மேடும் பள்ளமுமாக அடுக்கு. அதைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு வெறும் சிமெண்டுச் சுவருக்கு நடுவில் டிரம்ஸைப் போட்டிருக்கிறார்கள். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 40 அடி போய் எதிர்ச்சுவரில் மோதித் திரும்ப 70 மில்லி விநாடி. பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 120 தாள அடி, அப்படியென்றால் ஒரு அடி 500 மில்லி விநாடி, கால் அடி 125. ஆகக் கால் அடிக்குள்ளேயே ஒவ்வொரு அடியின் எதிரொலியும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஸ்நேர் (டிரம்ஸில் 'பட்'டென்று கேட்கிற டிரம்) ஒன்று அடித்தால் ஒன்றரை கேட்கும்.

மேலே தகரம், வெளியே கணவாய்க் காற்று. அதை அவர்கள் ரசித்திருக்கிறார்கள், முதல் பாட்டின் ஆரம்பத்தில் ஒரு நிமிடம் 50 விநாடி வெறும் காற்றும் தூரத்து மோட்டார் பம்பும்தான். மற்ற நாலு பாட்டிலும் அதே காற்று கேட்கிறது, அது மட்டும் திட்டமிட்டது கிடையாது.

அடுத்தது சாதனம். இரண்டு மைக் மட்டும் மாட்டக்கூடிய ஒரு ஆடியோ கார்டு. டிரம்ஸுக்கு இரண்டு போதாது என்று, கிக் (காலால் அடிக்கிற பெரிய டிரம்), ஸ்நேருக்குக் கையடக்க ரெக்கார்டர் ஒன்றை இரவல் வாங்கித் தனியாக வைத்திருக்கிறார்கள். இது பார்க்க நல்ல ஐடியாவாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் உள்ளே அதனதன் கடிகாரம், இரண்டும் ஒரே மாதிரி ஓடாது. 10 லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலும் 19 நிமிடம், அதாவது 1,140 விநாடி முடியும்போது 57 மில்லி விநாடி விலகிவிடும். மூன்று நிமிடப் பாட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. 19 நிமிடப் பாட்டை ஒரே மூச்சில் எடுத்த வீரத்துக்குக் கிடைத்த பரிசு, கடைசி ஐந்து நிமிடத்தில் ஸ்நேர் இரண்டு இரண்டாகக் கேட்டது. துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பொருத்த எனக்கு நாலு ராத்திரி ஆனது.

இதெல்லாம் சில்லறைத் தப்பு. எல்லோரும் செய்கிறதுதான், நானும் அப்பாவின் மைக் செட் கடையில் இருந்த காலத்தில் இதைவிடக் கேவலமாகச் செய்திருக்கிறேன். பெரிய தப்பு வேறு.

ஐந்து பேரும் ஒரு நாள்கூடச் சேர்ந்து இந்தப் பாட்டுகளை வாசித்ததில்லை.

டிரம்ஸ் முதலில், தனியாக, காதில் கிளிக்கோடு, அதாவது வேகம் தவறாமல் இருக்க டிக் டிக் என்று அடிக்கிற சத்தத்தோடு. பேஸ் தம்பி பொள்ளாச்சிப் பக்கம் ஹாஸ்டலில் இருந்து, சாயங்காலம் ரூம்மேட் வெளியே போனதும் வாசித்து அனுப்பியது. கீபோர்டு வீட்டில். கிட்டார் அதே குடோனில், ஆனால் வேறொரு வாரம், எர்த் சரியில்லாமல் 'ம்ம்ம்' என்ற ரீங்காரத்தோடு. பாட்டு மட்டும் ஒரு காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு எடுத்திருந்தார்கள், மொத்த ஆல்பத்திலேயே சுத்தமாகப் பதிவானது அது ஒன்றுதான். சீட்டுத் துணி எதிரொலியை உறிஞ்சிவிடும், காசில்லாதவர்களுக்குக் கார் நல்ல ஸ்டூடியோ. ஆனி வெயிலில் ஏசி போடாமல் உள்ளே உட்கார்ந்து பாடிய அந்தத் தம்பியின் கஷ்டத்தை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

இப்போது அந்த 29-க்கு வருகிறேன். கிளிக் என்ன செய்தது தெரியுமா? போனில் ஒரு ஆப், நிமிடத்துக்கு 120, டிக் டிக் டிக். சுற்று ஏழேகால் அடி என்பதால் முதல் சுற்று கிளிக்கில் ஆரம்பிக்கும், இரண்டாவது சுற்று கிளிக்கைவிட கால் அடி தள்ளி ஆரம்பிக்கும், மூன்றாவது சரியாக இரண்டு கிளிக்குக்கு நடுவில், நாலாவது முக்கால் தள்ளி, ஐந்தாவதில்தான் மறுபடி கிளிக்கோடு சேரும். தனியாக உட்கார்ந்து இதை வாசிக்கிற எந்தக் கையும் பக்கத்தில் கேட்கிற கிளிக்கை நோக்கித்தான் சாயும். தம்பியின் கையும் சாய்ந்திருக்கிறது. 125 மில்லி விநாடி இருக்க வேண்டிய கால் அடி ஒரு இடத்தில் 60, ஒரு இடத்தில் 90, சில இடத்தில் முழுசாகவே காணோம். அதன் மேல் பேஸ் தம்பி தன் பங்குக்கு 29-ஐ எண்ணி எண்ணி வாசித்து அனுப்பியது, அது சரியாகத்தான் இருந்தது, ஆனால் டிரம்ஸோடு ஒட்டவில்லை.

இதை முதல் தடவை திரையில் பார்த்த நான் என்ன நினைப்பேன்? பையன் ஏழு தாளம் வாசிக்கிறான், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தடுமாறுகிறான், அவ்வளவுதான். சுற்றுக்குச் சுற்று ஏழில் வெட்டி ஒட்டினேன். இரண்டரை நிமிடத்துக்கு 41 சுற்று, 41 இடத்தில் கத்தரி. சுத்தமான மிஸ்ர சாப்பாக வந்தது, தலையாட்டிக் கேட்கலாம் போல இருந்தது. பசங்களுக்கு அனுப்பினேன். நாலு பேர் "சூப்பர்ணா" என்று பதில் போட்டார்கள். ஐந்தாவதாக பேஸ் தம்பியிடமிருந்து ஒரே வரி: "கால் எங்கணா?"

அந்த நாலு சூப்பரைத்தான் நான் இந்த ஆல்பத்தின் மருத்துவ அறிக்கை என்று சொல்வேன். பாட்டின் உயிர்நாடி என்று சொல்லப்பட்ட ஒரு விஷயம் காணாமல் போயிருக்கிறது, அதை வாசித்த டிரம்மருக்கே தெரியவில்லை. திட்டமாக வைத்த தடுக்கலும் தெரியாமல் தடுக்கியதும் ஒரே மாதிரி கேட்டால் கேட்கிறவன் எதைத் திட்டம் என்று எடுத்துக்கொள்வான்? மற்ற 28 துண்டும் கல்லில் செதுக்கின மாதிரி விழுந்திருந்தால் அந்த 29-ஆவது துண்டு 'அட!' என்று கேட்டிருக்கும். எல்லாமே 40, 50 மில்லி விநாடி அங்கும் இங்கும் ஆடுகிற இடத்தில் 125-க்கு என்ன மரியாதை?

சரி, திருப்பி வைத்துவிடலாம் என்றால், நான் பழைய ஃபைல் மேலேயே சேமித்துத் தொலைத்திருந்தேன். இது முழுக்க என் தப்பு. மூலப் பதிவிலிருந்து மறுபடி கட்ட ஆரம்பித்தேன், பாதி முடிப்பதற்குள் வெளியீட்டுத் தேதி வந்துவிட்டது, தேதியை அவர்கள் ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. ஆகவே வெளியான பாட்டில் முதல் பாதி ஏழு, பின் பாதி ஏழேகால். ஆற்றுத் தண்ணீர் எல்லையைத் தாண்டுவதைக் குறிக்க அப்படி வைத்தீர்களா என்று ஒருத்தர் கேட்டாராம். பசங்க ஆமாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இன்னொரு பாவமும் என் கணக்கில் உண்டு. "சத்தமா வேணும்ணா, மத்த பாட்டுக்கு நடுவுல நம்மளது சின்னதாக் கேக்கக் கூடாது" என்றார்கள், நானும் மறுக்காமல் மாஸ்டரிங்கில் (வெளியிடுவதற்கு முன் செய்கிற கடைசி மெருகு) நசுக்கி மைனஸ் 7 எல்யுஎஃப்எஸ் (பாட்டின் சத்தத்தை அளக்கிற அலகு) வரை ஏற்றினேன். ஸ்பாட்டிஃபை மாதிரி சேவைகள் எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 பக்கமாகக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடும். ஏற்றின 7 டெசிபலையும் அது இறக்கிவிட்டது, நசுங்கினது மட்டும் நசுங்கினதாகவே இருக்கிறது. காற்று ஊதும் ஆரம்பமும் அணை திறக்கும் உச்சமும் ஒரே சத்தம். மெதுவாகத் தொடங்கிப் பெரிதாகிற வகைப் பாட்டுக்கு இதைவிடத் துரோகம் கிடையாது.

வெளியீடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் மாதம் நானூறு சொச்சம் தடவை ஓடியது, பாதி சொந்தக்காரர்கள். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு தடவை என்று கணக்கில் ஏறும், இவர்கள் முதல் 110 விநாடியைக் காற்றுக்குத் தானம் செய்துவிட்டார்கள். அந்தப் பக்கத்து விதிப்படி 31 விநாடிப் பாட்டும் ஒன்றுதான், 19 நிமிடப் பாட்டும் ஒன்றுதான். 2024-லிருந்து ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடினால்தான் காசே கிடைக்கும் என்பதால் வருமானம் பற்றிய பத்தியை இத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

அட்டைப்படம் கறுப்பு, நடுவில் தங்க எழுத்தில் பேர். பாட்டுகளை ஏற்றிய பென் டிரைவ் ஐம்பது, அட்டைப் பெட்டியில் போட்டு ஊரில் கொடுத்தார்கள். கார்த்திகை மாதம், கறுப்பு, தங்க எழுத்து. ஒரு குருசாமி ஐயப்பன் பாட்டு என்று நம்பி வண்டியில் போட்டுக்கொண்டு மலைக்குப் போயிருக்கிறார். எருமேலி தாண்டியும் "சரணம் எப்ப வரும்" என்று காத்திருந்தாராம்.

இதைக் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்ததற்குக் காரணம் உண்டு, இதே விபத்து ஏற்கெனவே ஒரு தடவை நடந்திருக்கிறது. ஜெனிசிஸ் என்ற இங்கிலாந்துப் பேண்டின் முதல் ஆல்பம், 'ஃப்ரம் ஜெனிசிஸ் டு ரெவலேஷன்', 1969 மார்ச்சில் டெக்கா வெளியிட்டது. டிரம்மரைத் தவிர மற்றவர்கள் சார்ட்டர்ஹவுஸ் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த பசங்க, 1968 கோடை விடுமுறையில் பதிவு செய்தபோது பதினாறு, பதினேழு, பதினெட்டு வயது. கறுப்பு அட்டை, தங்க எழுத்து, தலைப்பில் பைபிளின் முதல் புத்தகமும் கடைசிப் புத்தகமும். கடைக்காரர்கள் பக்திப் பாடல் வரிசையில் வைத்துவிட்டார்கள். விற்றது அறுநூற்றைம்பது பக்கம் என்றுதான் எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். தயாரிப்பாளர் ஜொனாதன் கிங் அவர்களைக் கேட்காமலே வயலின் கூட்டத்தைப் பின்னால் சேர்த்து, அது கிட்டார் தம்பி ஆண்டனி ஃபிலிப்ஸுக்குச் சுத்தமாகப் பிடிக்காமல் போனது. ஜெனிசிஸுக்குக் கிடைத்த தயாரிப்பாளரைவிட, கால் அடியை வெட்டிய நான் கொஞ்சம் தேவலை என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த ஆல்பத்தை இன்றைக்குக் கேட்டாலும் அரைகுறைதான். ஆனால் அடுத்து என்ன செய்தார்கள் என்பதுதான் நமக்கு வேண்டும். 1969 கடைசியில் சர்ரே பக்கம் ஒரு கிராமத்து வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்கள், மாதக்கணக்கில் அங்கேயே சேர்ந்து வாசிப்பது, கிடைத்த மேடையில் ஏறுவது, திரும்பி வந்து மறுபடி வாசிப்பது. 1970-இல் வந்த அடுத்த ஆல்பம் 'ட்ரெஸ்பாஸ்' வேறு பேண்டு வாசித்த மாதிரி இருக்கும். ஆட்களில் டிரம்மர்தான் மாறினார், மற்றவர்கள் அதே பசங்கதான்.

முதல் ஆல்பம் என்றாலே அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்கிறவர்களுக்கு கிங் கிரிம்சன் என்ற இன்னொரு இங்கிலாந்துப் பேண்டைக் காட்டலாம். அதே 1969, ஜனவரியில் சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தார்கள், ஏப்ரலில் மேடை, ஜூலை 5 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸுக்கு முன்னால் வாசித்தார்கள், அக்டோபரில் முதல் ஆல்பம். தயாரிப்பாளர் சரிவரவில்லை என்று தாங்களே தயாரித்துக்கொண்டார்கள். அதில் அரைகுறை என்று சொல்ல விரல் வைக்க இடம் தேட வேண்டும். ஆல்பம் வருவதற்குள் அந்தப் பாட்டுகள் எத்தனை மேடையில் அடிபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் பசங்களிடம் ஊர் சொன்ன காரணங்கள் வேறு. பாட்டு நீளம் என்றார்கள். இந்தத் தாளமெல்லாம் நம்மாட்களுக்கு ஏறாது என்றார்கள், அதைச் சொன்ன ஆள் அதே மாதம் கோயில் வாசலில் பஞ்சாரி மேளத்தை மூணு மணி நேரம் நின்று கேட்டவர், 96 அட்சரத்தில் தொடங்கி 48, 24, 12, 6 என்று இறங்கி முடிகிற மேளம் அது. கேமராவும் லைட்டும் இருந்தால் வீடியோவில் ஓட்டியிருக்கலாம் என்றார் இன்னொருவர். வரிகள் புரியவில்லை என்பது மட்டும் நியாயமான புகார். 'பிரபஞ்சக் கருவறையின் ஈர நிசப்தம்' என்றெல்லாம் எழுதி வைத்திருந்தார்கள், ஆற்றைப் பார்த்தே இராத ஆள் எழுதின மாதிரி. ஒரே ஒரு இடத்தில், 'மணக்கடவுல தண்ணிய எண்ணி விடறாங்க, எண்ணாத தாகத்துக்கு என்னடா கணக்கு' என்று வருகிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் நான் இந்த வேலையையே காசு வாங்காமல் செய்தேன்.

தை மாதம், பொங்கல் முடிந்து ஐந்து பேரையும் குடோனுக்கு வரச் சொன்னேன். இந்தத் தடவை மூட்டைகள் உள்ளேயே இருந்தன, நடுவில் கிடைத்த இடத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கிளிக் வேண்டாம், ரெக்கார்டர் வேண்டாம், சும்மா வாசிங்க என்றேன். முதல் தடவை நாலாவது சுற்றிலேயே கவிழ்ந்தது. இரண்டாவது தடவை ஒன்பது சுற்று. ஆளாளுக்கு உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தார்கள், பேஸ் தம்பி விரலை வேறு மடக்கிக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் மற்ற நாலு பேர் மேலும் கோபம். வெளியே மூட்டை ஏற்ற வந்த லாரிக்காரர் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டு, "பழகறாங்களா, சண்டை போடறாங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

டிரம்ஸ் தம்பியின் மாமனும் வந்திருந்தார், சாக்கு மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு. ஒரு மணி நேரம் பேசவே இல்லை. அப்புறம்தான் வாயைத் திறந்தார். "எண்ணீட்டே அடிச்சா எண்ணிக்கைதான்டா கேக்கும். ஏழு ஏழா நாலு தடவ உருட்டு, கடைசில அந்த ஒண்ண அடிக்காத, அடிக்காம நிறுத்து. எல்லாரும் சேந்து நிறுத்துங்க." செண்டைக்காரர்கள் இப்படித்தான், விளக்கம் இரண்டு வரிக்கு மேல் போகாது. தம்பி கிளிக்கைப் பார்த்து வாசித்த ஆள், மாமன் முகத்தைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தான். அந்தக் கால் அடியில் எல்லோரும் கையைத் தூக்கினார்கள், வெறும் இடைவெளி, ஒரு மூச்சு இழுக்கிற நேரம்கூட இல்லை, மறுபடி விழுந்தது. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் இருபது சுற்று சேர்ந்து போனார்கள். அந்த இடைவெளி ஒவ்வொன்றும் எனக்கு வயிற்றில் கேட்டது.

அதற்குப் பின் மூன்று மாதத்தில் வாரம் இரண்டு நாள் குடோன். இரண்டு மேடையும் கிடைத்தது, ஒன்று கல்யாண ரிசப்ஷன், சாப்பாட்டுப் பந்திக்கு நடுவில் இருபது நிமிடம், யாரும் கவனிக்கவில்லை. இன்னொன்று ஒரு கோயில் மைதானத்தில் கானமேளா என்கிற பாட்டுக் கச்சேரிக்கு முன்னால், கூட்டம் சேருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. 19 நிமிடப் பாட்டு தானாகவே 11 நிமிடமாகியிருந்தது, வெட்டினது யாரென்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை, வாசிக்க வாசிக்க வேண்டாதது உதிர்ந்துவிட்டது போல. கொங்கன் பாட்டைத் தனியே எடுத்து வைத்துவிட்டார்கள். காற்று 110 விநாடியிலிருந்து எட்டு விநாடிக்கு வந்துவிட்டது.

பழைய ஆல்பத்தைச் சேவைகளிலிருந்து எடுத்துவிடலாமா என்று பாடகர் தம்பி கேட்டபோது வேண்டாம், கிடக்கட்டும் என்றேன், இந்தக் கட்டுரையை எழுதட்டுமா என்று நான் கேட்டதும் அப்போதுதான். போன வாரம் மைதானத்தில் யாரோ போனில் பிடித்த பதிவை பேஸ் தம்பி அனுப்பியிருந்தான். பின்னால் பலூன் விற்கிறவர் சத்தம், ஒரு குழந்தை அழுகை, கரண்டு போய் ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம், எல்லாம் இருக்கிறது. நான் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பழைய பழக்கத்தில், சுற்று சுற்றாக அளந்து பார்த்தேன். கால் அடி 118, 131, 122, 127. கீழே ஒரே வரி எழுதியிருந்தான்: "கால் இருக்காணா?"

இருக்குடா தம்பி என்று பதில் போட்டேன். அடுத்த பதிவுக்கு மாசி வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன், காற்றுக்கு முன்னால் முடித்துவிடலாம், மூட்டை அதுவரை இறங்காது என்று பெரியப்பாவும் வாக்குக் கொடுத்திருக்கிறார்.